அவர்கள் அழைக்கும் முன்பே

பூந்தமல்லியில் தமிழக அரசின் பொதுச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலை பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. வராமல் போன நோய் செய்தியாவதில்லை அல்லவா? இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான், 1939இல். மருத்துவமனைகளுக்கு ஒரு துறை, நோய்த்தடுப்புக்குத் தனியாக ஒரு துறை என்று வைத்திருக்கும் மாநிலம் இது. அந்தத் தடுப்புத் துறை 2022இல் நூற்றாண்டு கண்டது. காலரா கண்டவரைப் பிழைக்கவைத்தது ஆஸ்பத்திரி. காலராவையே ஊரை விட்டு விரட்டியது குளோரின் போட்ட கிணறும், வீடு தேடி வந்த ஊசியும், சாக்கடையை மூடச் சொன்ன சுகாதார ஆய்வாளரும்.

மனத்தின் விஷயத்தில் மட்டும் இந்த மரபு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. நோயாளி தானாக வர வேண்டும். அல்லது வீட்டார் இழுத்துக்கொண்டு வர வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நோய்க்கு நோய் வேறுபட்டாலும், அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். மருத்துவர்களின் எண்ணிக்கையைக் கூட்டி மட்டும் இந்தப் பள்ளத்தை நிரப்பிவிட முடியாது.

இன்னொரு வழி இருக்கிறது: வருமுன் தடுப்பது. கடந்த நாற்பது ஆண்டுகளில் அது ஒரு தனி அறிவியலாகவே வளர்ந்திருக்கிறது. அதன் முடிவுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது: மன உடைவைத் தடுப்பதில் பலன் தந்தவை பெரும்பாலும் அறிவுரைகள் அல்ல, ஏற்பாடுகள். யார், எப்போது, யாரைத் தேடிப் போவது. எது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம், எது இருக்கக் கூடாது. தோற்றவனுக்கு அடுத்த வாய்ப்பு எத்தனை வாரத்தில் என்கிற மாதிரியான ஏற்பாடுகள். இவற்றில் சில தமிழ்நாட்டிலேயே சோதிக்கப்பட்டவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு இவற்றால் ஆகக்கூடியது நிறைய.

வட்டாரத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அப்பா டன்லப் டயர் ஆலையில், மகன் டி.ஐ. சைக்கிளில் என்று நிரந்தர வேலையும் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ. அட்டையும் வைத்திருந்த குடும்பங்களின் ஊர் இது. டன்லப் மூடப்பட்டதை மூத்தவர்கள் இன்றும் பேசுவார்கள். ஆவடி ஆலை 2021 அக்டோபரில் அரசுத் துறையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கீழ் மாற்றப்பட்டது. இன்று தொழிற்பேட்டைச் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்றால் வேறொரு கூட்டம் தெரியும்: ஏற்றுமதித் துணி கம்பெனிகளின் வேன்களிலிருந்து இறங்கும் பெண்கள், ஒப்பந்தக்காரரின் பெயர் போட்ட அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள், ஒடியாவும் இந்தியும் பேசிக்கொண்டு அறைக்குத் திரும்பும் வடமாநிலத்தவர்கள், கண்ணாடிக் கட்டிடங்களின் இரவுப் பணிக்குப் போகிறவர்கள். ஓவர்டைம், குழுக்கடன் தவணை, வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்காரரின் குடி. நெருக்கடிகள் ஒவ்வொன்றாக வருவதில்லை, கோத்துக்கொண்டு வருகின்றன.

அவற்றின் கடைசி விளிம்பில் உள்ளதுதான் காவல்துறையின் கணக்கில் ஏறுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலைகள், தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணங்களின் பட்டியலில் முதலில் நிற்பது 'குடும்பப் பிரச்சினைகள்', 31.7 விழுக்காடு. இந்த ஒற்றை வரியை நான் நம்பத் தயாராக இல்லை. குடி, அடி, கடன், வேலையிழப்பு, சொல்லப்படாத மனச்சோர்வு எல்லாமே காவல் நிலையப் பதிவேட்டில் 'குடும்பப் பிரச்சினை' என்ற கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் அந்த வரி ஒன்றைச் சரியாகவே காட்டுகிறது: மனநலம் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை, இருவருக்கு இடையிலும் இருக்கிறது.

தடுப்பு அறிவியலின் அடிப்படைச் சிந்தனையைத் தந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோஸ். 1985இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: பெரும் ஆபத்தில் இருக்கும் சிலரை மட்டும் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவதைவிட, நடுத்தர ஆபத்தில் இருக்கும் பெருங்கூட்டத்தின் நிலையைச் சற்றே மேம்படுத்தினால் நோய் அதிகம் குறையும். 1994இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை, தடுப்பை மூன்று அடுக்காகப் பிரித்தது: எல்லோருக்குமானது, கூடுதல் ஆபத்தில் உள்ளவர்களுக்கானது, முதல் அறிகுறிகள் தென்பட்டவர்களுக்கானது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று ரொனால்ட் கெஸ்லரின் குழு 2005இல் காட்டியது. அடித்தளம் இவ்வளவுதான். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற சோதனைகளில்தான் சுவாரசியம் இருக்கிறது.

சென்னையிலிருந்தே தொடங்கலாம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களுக்கு அதன் பிறகான மாதங்கள் ஆபத்தானவை. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வை நடத்தியது: பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், கொழும்பு, சென்னை. சென்னையில் இதை முன்னெடுத்தவர் 1986இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஐந்து ஊர்களிலுமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றக் குழுவினரிடம் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும், 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். மொத்தம் ஒன்பது முறை. எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா, எங்கே அனுப்பலாம் என்பதற்கு மேல் அதில் பெரிய வித்தை ஏதுமில்லை.

பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. 2008இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. பின்னர் பிரெஞ்சு பாலினேசியாவில் நடந்த சிறிய ஆய்வொன்றில் இதே பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடத்துக்கு இடம் மாறக்கூடிய ஒன்றை எல்லா ஊருக்கும் மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் நம் ஊர் மக்களை வைத்தே சோதிக்கப்பட்ட ஓர் ஏற்பாடு, செவிலியரும் தொலைபேசியும் நாட்காட்டியும் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு எளிய ஏற்பாடு, நம் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் இந்நேரம் வழக்கமாகியிருக்க வேண்டும். அந்த ஒன்பது தேதிகளும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அச்சாகி வர வேண்டும்.

அரசே முந்திக்கொண்டு அழைப்பது இங்கே புதிதும் அல்ல. 2021 செப்டம்பரில் நீட் தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 104 மருத்துவ உதவி எண் சேவை மூலம் அழைத்துப் பேசத் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. 2022இல் வந்த 14416 என்ற மனநல உதவி எண், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இரவும் பகலும் இயங்குகிறது. இது மிக நல்ல சேவை. மனம் தாங்காதபோது எவரும் தயங்காமல் அழைக்கலாம். ஆனாலும் துன்பத்தில் இருப்பவர் எண்ணைத் தேடி அழுத்துவதும், விசாரிப்பவர் அவரைத் தேடி அழைப்பதும் இரு வேறு ஏற்பாடுகள். முதலாவதை எல்லா மாநிலங்களும் செய்கின்றன. இரண்டாவதில்தான் தமிழ்நாடு தனக்கென ஒரு தடம் போட்டிருக்கிறது.

தேர்வை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில் தோற்றால் ஓர் ஆண்டே போனது என்றிருந்த காலத்தை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க முடியாது. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாடு வந்தபோது அதை யாரும் மனநலத் திட்டம் என்று அழைக்கவில்லை. தற்கொலைத் தடுப்பில் அதன் இடத்தைத் தொடர்ந்து எடுத்துச் சொல்லிவருபவர் லட்சுமி விஜயகுமார். 2017இல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. 'தோல்வியால் துவளாதே' என்று எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும், அடுத்த தேர்வு ஓராண்டு தள்ளி இருக்கும்வரை அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் வார்த்தைதான்.

பூச்சிக்கொல்லி மருந்தின் கதை இதைவிடக் கடினமானது; அதனாலேயே அதிகம் கற்றுத்தருவது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியின் கிராமங்களில், வீட்டுக்குள் பூச்சிமருந்து இருக்க வேண்டாம் என்று ஊருக்குப் பொதுவான சேமிப்பகம் அமைத்துப் பார்த்தார்கள் விஜயகுமாரும் சகாக்களும். வங்கி லாக்கர் போல ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி, இரண்டு சாவி. ஒன்று விவசாயியிடம், மற்றது பொறுப்பாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். விவசாயி தன் மருந்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க முடியும். 2013இல் வெளியான அந்த முன்னோடி ஆய்வு நம்பிக்கை தந்தது.

இலங்கையின் அனுராதபுரத்தில் இதற்கு உறவான ஒரு யோசனையை மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள்: 180 கிராமங்கள், 53,382 வீடுகள். வீட்டுக்கு வீடு பூட்டு போட்ட பெட்டி. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பலன் இல்லை. பெட்டி வீட்டில் இருந்தது. சாவியும் வீட்டில் இருந்தது. அதே இலங்கையில் கொடிய நச்சு மருந்துகளை அரசு அடுத்தடுத்துத் தடை செய்ததும், 1995இல் லட்சத்துக்கு 47 என்று உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் எழுபது விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். விளைச்சலும் குறைந்துவிடவில்லை. நல்லெண்ணத்தில் பிறந்த இரண்டு திட்டங்களில் எது உயிரைக் காக்கும் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். தமிழ்நாடு 2023இல் சில பூச்சிக்கொல்லிகளுக்குத் தற்காலிகத் தடையும், மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்துக்கு நிரந்தரத் தடையும் விதித்தது. நகரத்து மளிகைக் கடையிலும் கிடைத்துவந்த பொருள் என்பதால் இரண்டாவது தடை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நேரடியாகத் தொடர்புள்ளது. அது கடைகளில் உண்மையிலேயே ஒழிந்ததா என்று பார்ப்பது ஒரு சுகாதார ஆய்வாளரின் ஒரு நாள் வேலை.

உதவி செய்யப்போய்த் தீங்கு விளைந்த கதைகளும் இந்த அறிவியலில் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 506 சிறுவர்கள். பாதிப்பேருக்கு ஆண்டுக்கணக்கில் ஆலோசனை, பாடத்தில் உதவி, கோடைக்கால முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மக்கார்ட் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் வாழ்க்கைதான் பல வகையில் மோசமாக இருந்தது. அண்மையில் பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தியானப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். 2022இல் வெளியான முடிவு, வழக்கமான வகுப்புகளைவிட அது மேலானதாக இல்லை என்றது. ஒரு பள்ளியில் அரை நாள் 'மனநல விழிப்புணர்வு' நடத்திப் படம் பிடித்துப் போடுவதற்கு முன் நாம் இவற்றை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் எதுவும் பலிக்காது என்றும் இதற்குப் பொருளல்ல. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டம் சோதிக்கப்பட்டது. காலைக் கூட்டத்தில் பேச்சு, மாணவர் குழு, சுவரில் மாட்டிய ஒரு கடிதப் பெட்டி. பெயர் போடாமலே புகாரோ யோசனையோ எழுதிப் போடலாம். அவற்றை எடுத்துப் படித்து, பொதுக் கூட்டத்தில் பதில் சொல்வார்கள். சில பள்ளிகளில் இதை ஆசிரியர்களே நடத்தினார்கள். சில பள்ளிகளில் இதற்கென்றே நியமிக்கப்பட்ட, மனநலப் பட்டம் ஏதும் இல்லாத ஓர் உள்ளூர் ஆலோசகர் நடத்தினார். உள்ளூர் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டது; மனச்சோர்வு, சீண்டல், வன்முறை எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் மாற்றமே இல்லை. பாடத்திட்டம் ஒன்றுதான், ஆளின் வேலைதான் வேறு. மதிப்பெண் போடுகிற, பிரம்பையும் மறக்காத ஒருவரிடம் பிள்ளை மனம்திறக்காது என்பது என் ஊகம். அதோடு, ஏற்கெனவே தேர்தல் பணி முதல் கணக்கெடுப்பு வரை சுமக்கும் ஆசிரியரின் தலையில் இன்னொரு கடமையை ஏற்றினால் அது காகிதத்தோடு முடிந்துபோகும். அம்பத்தூர், ஆவடி அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும் என்று கேட்க இந்த ஓர் ஆய்வே போதிய காரணம்.

உறவுகளுக்கு வருவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிராமப்புறத் தமிழகத்தில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதங்களில் சந்தித்து, அவர்களில் 301 பேரைப் பிரசவத்துக்குப் பிறகும் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. ஆபத்தைக் கூட்டிய காரணங்களைப் படித்தால் ஆய்வறிக்கை போல இருக்காது, பக்கத்து வீட்டுக் கதை போல இருக்கும்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லாமை. இவற்றில் ஒன்றுகூட மூளைக்குள் நடக்கும் விஷயம் மட்டும் அல்ல.

இதைத் தடுக்க முடியுமா? பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஓர் அரசு மருத்துவமனைக்கு வந்த, பதற்ற அறிகுறிகள் தெரிந்த 1,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த சோதனை 2024இல் வெளியானது. பாதிப்பேருக்குக் கர்ப்ப காலத்திலேயே, மனநல மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பெண்கள் சில அமர்வுகள் பேசினார்கள். பிரசவமான ஆறாவது வாரத்தில் 755 பேரைத் திரும்பப் பார்த்தபோது, அமர்வு பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 41 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு இருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் கடைசிப் பரிசோதனையில் இல்லை என்பது குறைதான். ஆனாலும் இடைவெளி பெரிது. மாமியார், நாத்தனார், ஆண் பிள்ளை ஆசை, கைச்செலவுக்குக் காசில்லாமை என்று அவர்களின் வீடும் நம் வீடும் அதிகம் வேறுபட்டவை அல்ல.

குடியைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தின் குடும்பங்களைப் பற்றிப் பேச முடியாது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோயாளிகளின் மறுவாழ்வில் பெரும்பணி செய்திருக்கிறது. ஆனால் மறுவாழ்வு என்பது ஆற்றின் கீழ்க்கரையில் நின்று ஆட்களை இழுத்துப் போடும் வேலை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருப்பதால், எத்தனை கடை, எங்கே, எத்தனை மணிவரை, என்ன விலை என்பதையெல்லாம் அரசே தீர்மானிக்க முடியும். உலகில் பல நாடுகளுக்கு இல்லாத பிடி இது. 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் 500 கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளைச் சுற்றியுள்ள தெருக்களையும், மூடாத கடைகளைச் சுற்றியுள்ள தெருக்களையும் ஒப்பிட்டு, அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கு வந்த புகார்களையும் அவசர சிகிச்சைப் பதிவுகளையும் அடுக்கிப் பார்த்தால் விலைமதிப்பற்ற பாடம் கிடைக்கும். 2022 ஜனவரியில் ஆவடிக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் வந்துவிட்டதால், இந்த வட்டாரத்துக்கு அந்தக் கணக்கைப் பிரித்தெடுப்பதும் எளிது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தில் அரசு சரியான திசையில் போனது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை 2022இல் வந்தது. சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 தொடக்கத்தில் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தைப் பூட்டின. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்த இளைஞன், தூக்கமும் நிதானமும் இல்லாத அந்த ஐந்து மணி நேரத்தில்தான் சம்பளத்தைத் தொலைக்கிறான் என்பதை அறிந்தவர்கள் போட்ட விதி அது. அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணப் பந்தய விளையாட்டுகளையே தடை செய்தது. கடன் வசூலிப்பவர்களின் அத்துமீறலைத் தண்டிக்கும் சட்டத்தையும் 2025இல் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. இவை எதுவும் சுகாதாரத் துறையின் கோப்பிலிருந்து வந்தவை அல்ல. மனநலத்தைக் காக்கும் முடிவுகள் பலவும் நிதி, தொழிலாளர், உள்துறை அலுவலகங்களில்தான் எடுக்கப்படுகின்றன.

தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்கள், வேலையின் தன்மையையும் நேரத்தையும் அழுத்தத்தையும் மாற்றி அமைப்பதையும் பரிந்துரைகளில் ஒன்றாக முன்வைத்தன. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் திருத்தம் கொண்டுவந்தது அந்த வகையில் சேரும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அன்று தொழிற்சங்கங்கள் காத்தது கூலியையும் ஓய்வையும் மட்டுமல்ல. பன்னிரண்டு மணி நேரம் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வரும் தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் இடையில் மிச்சமிருக்கிற ஒரு மணி நேரத்தையும் காத்தன. மாதம் ஒரு நாள் யோகா வகுப்பு நடத்தும் நிறுவனம், அதே மாதத்தில் கட்டாய ஓவர்டைமை நிறுத்தினால் அதைவிடப் பெரிய மனநலப் பணி வேறில்லை.

நோய் தொடங்கிய பிறகும் தடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது: முடங்கிப்போவது, வேலை போவது, தெருவுக்கு வருவது. இதில் உலகுக்கே சொல்லித்தரும் இரு மனநல அமைப்புகள் அம்பத்தூரை ஒட்டியே இருக்கின்றன. அண்ணா நகர் மேற்கு விரிவில் ஸ்கார்ஃப், சாரதா மேனன் 1984இல் தொடங்கியது. முகப்பேரில் தி பான்யன், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் தொடங்கியது. முதன்முறையாகக் கடும் மனநோய் கண்ட இளையோருக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை அளிக்கும் திட்டத்தை ஸ்கார்ஃபும் கனடாவின் மாண்ட்ரியல் மையமும் ஒரே முறையில் நடத்தி ஒப்பிட்டன. மனம் மரத்துப்போதல், பேச்சும் முனைப்பும் அற்றுப்போதல் போன்ற அறிகுறிகளில் சென்னை நோயாளிகள் அதிகம் தேறினார்கள். சென்னையில் குடும்பத்தாரின் பங்கேற்பும் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துக் குடும்ப அமைப்பைப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. அந்தக் குடும்பத்தில் லீவு போட்டுக் கூட வருகிறவர் பெரும்பாலும் தாயோ மனைவியோ. சம்பளம் பிடிக்கப்படுவது அவருக்குத்தான். குடும்பம் தாங்குகிறது என்றால் குடும்பத்தை யார் தாங்குவது என்பதும் தடுப்பு அறிவியலின் கேள்வியே.

இத்தனையையும் இந்த வட்டாரத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் கர்ப்பிணிகளிடமிருந்து என்பேன். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற பதிவு எண் உண்டு; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உண்டு; எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் மாதம் தவறாமல் பதிவாகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்து கிடந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்ற இரண்டு கேள்விகளை இந்தப் பதிவோடு சேர்க்க ஒரு நிமிடம் ஆகும். ஆம் என்றவரிடம் உட்கார்ந்து பேச ஒரு பயிற்சி பெற்ற பெண் வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுக்கப் பூந்தமல்லி நிறுவனம் இருக்கிறது.

அதைச் சோதனையாகவே செய்யலாம். பூந்தமல்லி சுகாதார மாவட்டத்தின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பாதியை, எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து முதலாண்டு தொடங்கட்டும். மீதிக்கு அடுத்த ஆண்டு. எப்படியும் எல்லா நிலையங்களுக்கும் ஒரே நாளில் ஆள் போட முடியாது. யாருக்கு முதலில் என்பதைச் செல்வாக்கு தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் தீர்மானிப்பது நியாயம். தாயின் மனநிலை, குழந்தையின் எடை, தடுப்பூசி தவறாமை, வீட்டில் அடி உண்டா என்பதை இரு பாதியிலும் அளந்தால் பதில் கிடைத்துவிடும்.

சிக்கல் ஒன்று இருக்கிறது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம், ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. பட்டாபிராமில் குடியிருந்து தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்ணின் வாழ்க்கை ஒரே நாளில் இரண்டு நிர்வாகங்களைக் கடக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அவள் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். அது செய்யாறாகவோ விருத்தாசலமாகவோ இருக்கலாம். கர்ப்பத்தில் அவள் மனத்தைக் கேட்டறிந்த செவிலியர் ஒருவர், பிள்ளை பெற்ற பிறகு வீட்டுக்கு வரும் செவிலியர் வேறொருவர். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மனைவிக்குத் தாய்வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அவள் இங்கேயே, பாஷை தெரியாத அறையில், தனியாக இருப்பாள். முன்னவளின் ஹீமோகுளோபின் அளவு பிக்மி எண்ணோடு சேர்ந்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேருகிறது. அந்த இரண்டு கேள்விகளுக்கு அவள் சொன்ன பதிலும் அதே எண்ணில் போய்ச் சேர்ந்தால், பிள்ளை பிறந்த பத்தாம் நாள் வாசலில் வந்து நிற்கும் செவிலியர் குழந்தையைத் தூக்கிப் பார்க்கும் முன் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதை அறிந்திருப்பார். பின்னவளுக்கு இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் குடியிருக்கும் அதே லைன் வீட்டில், ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பெற்று வளர்க்கும் இன்னொரு பெண்ணாகக்கூட அவர் இருக்கலாம்.